தண்ணீரை விலக்கலாமா? சபைப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும், ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்துகிற உடன் ஊழியர்கள் எழுதுவது. நம்முடைய கர்த்தரின் கிருபையும் சமாதானமும் உங்களோடிருப்பதாக.

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளுக்காகவே இதை எழுதுகிறோம். குழந்தைகளுக்குத் தெளித்துக் கொடுப்பது சரியா தவறா என்ற பழைய வழக்கை இங்கே திறக்கப்போவதில்லை. நம் வீட்டுக்குள்ளேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதைத்தான் பேசவேண்டும். இயேசுவே கர்த்தர் என்று வாயினால் அறிக்கையிட்ட ஒருவர் ஆறு மாதம், ஒரு வருஷம், சில இடங்களில் மூன்று நான்கு வருஷம்கூட ஞானஸ்நானம் இல்லாமல் சபையில் உட்கார்ந்திருக்கிறார். கன்வென்ஷன் வரட்டும் என்கிறோம். நகையைக் கழற்றட்டும் என்கிறோம். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்கிறோம். அதே சபையில் கல்யாணத் தேதி குறித்துவிட்டால், சுவிசேஷத்தை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிராத மாப்பிள்ளைக்கு மூன்றே நாளில் ஞானஸ்நானம் கிடைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஞானஸ்நானம் எதற்கு என்பதை நாம் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் பேச்சிலேயே அது தெரிகிறது. "ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்றுதான் விசாரிக்கிறோம், லைசென்ஸ் எடுத்தாச்சா என்று கேட்பதுபோல. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதை வேதாகமத் தமிழில் வாசித்துப் பாருங்கள்: "நீங்கள் மனந்திரும்பி, ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்." அது பெறுவது. கொடுக்க ஒருவர் வேண்டும், வாங்க ஒருவர் வேண்டும். தன்னைத்தானே முழுக்கிக்கொண்டவர் எவரும் அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. தண்ணீரில் இறங்குகிறவர் கடைசியில் செய்வதெல்லாம், மற்றொருவர் கையில் தன் உடம்பின் பாரத்தை விட்டுவிடுவதுதான். செத்தவனை மற்றவர்கள்தானே அடக்கம்பண்ணுகிறார்கள்! ரோமர் 6:4 ஞானஸ்நானத்தை அடக்கம் என்று சொல்வதில் இந்த அர்த்தமும் அடங்கியிருக்கிறது.

இதை ஏன் அழுத்துகிறோமென்றால், வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஞானஸ்நானத்தைத் தாங்கள் தேவனுக்குச் செலுத்தும் ஒன்றாக நினைத்து வருகிறார்கள். பொருத்தனை முடிப்பதுபோல, நோய் சுகமானதற்குக் கைம்மாறுபோல. அவர்களைப் பார்த்து மிரண்டு, "ஞானஸ்நானம் இரட்சிக்காது, அது வெறும் அடையாளம்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே, அடையாளம்தானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டோம். வேதம் "வெறும்" என்ற சொல்லை ஞானஸ்நானத்தின் பக்கத்தில் எங்கேயும் வைக்கவில்லை. மாற்கு 16:16-இல் கர்த்தர் விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அனனியா சவுலிடம், "இப்பொழுது நீ தாமதிக்கிறதென்ன?" என்று கேட்டுவிட்டு, ஞானஸ்நானம் பெற்றுப் பாவங்கள் போகக் கழுவப்படச் சொன்னான். பேதுரு தன் முதலாம் நிருபத்தில் ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்றே எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அது மாம்ச அழுக்கை நீக்குவது அல்ல என்று வேலி போட்டான். இந்த வசனங்களைச் சங்கடமாக நினைத்துத் தாண்டிப்போகாதீர்கள். வகுப்பில் திறந்து வாசியுங்கள்.

எபேசியர் 2:8 கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறதே, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரத்தைக் காட்டி விளக்கலாம். நிலத்தின் கிரயம் முழுவதையும் தகப்பன் கட்டிவிட்டார். மகன் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை, போடவும் முடியாது. ஆனால் அவன் அந்தத் தானத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும். "நிலம் என்னுடையதுதான், ஆனால் பத்திர ஆபீசுக்கு மட்டும் வரமாட்டேன்" என்று அவன் வருஷக்கணக்காகச் சொன்னால், தகப்பன் பேச்சை நம்புகிறானா என்றே சந்தேகம் வரும். கையெழுத்து கிரயத்தில் ஒரு காசும் கூட்டாது. கையெழுத்திட வராமலிருப்பது நம்பாததைக் காட்டிவிடும். ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்ற வசனத்திலேயே (1 பேதுரு 3:21) பேதுரு எழுதிய "உடன்படிக்கை" என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் எபெரோத்தேமா என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒருவர் கேட்க, மற்றவர் ஒப்புக்கொண்டு கொடுக்கும் உறுதிமொழியையும் அந்தச் சொல் குறிக்கும். தண்ணீரில் நிற்கிறவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது வெறும் சடங்காக வந்த வழக்கமல்ல.

கீழ்ப்படிதலைப்பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. பவுல் ரோமர் நிருபத்தின் தொடக்கத்திலேயே விசுவாசத்துக்குக் கீழ்ப்படிதல் என்று பேசுகிறார். விசுவாசத்தை ஒரு தட்டிலும் கீழ்ப்படிதலை மறு தட்டிலும் வைத்து எடைபோட்டவர் அல்ல அவர். சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். அவன் குஷ்டத்தை யோர்தான் தண்ணீர் நீக்கவில்லை. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் அதைவிட நல்ல நதிகள் என்று அவனே சொன்னான். தீர்க்கதரிசி எலிசா சொன்ன வார்த்தையை நம்பியதால் ஏழுதரம் இறங்கினான். இறங்காமல் தேரைத் திருப்பியிருந்தால், "எனக்கு விசுவாசம் இருந்தது" என்று அவன் சொல்ல முடியுமா? தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போக யாராவது கேட்டால் திட்டாமல் உட்காரவைத்து இந்த 2 இராஜாக்கள் 5-ஐ வாசித்துக் காட்டுங்கள். முன்பே முழுக்கு பெற்ற ஒருவர் புனிதப் பயணம் போய் யோர்தானில் மறுபடியும் முழுக வேண்டும் என்று கேட்டாலும் இதே பாடம்தான்.

சிலுவையில் தொங்கிய கள்வன் ஞானஸ்நானம் பெறவில்லையே என்று எப்போதும் ஒருவர் கேட்பார். ஆணியடிக்கப்பட்டவன் இறங்கிவர முடியாது. நடக்கக் கால் உள்ளவர் அவனைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமல்ல. ஆயத்தத்தில் இருந்தபோதே மரித்துப்போனவரின் குடும்பத்துக்கு மட்டும் இந்தக் கள்வனை ஆறுதலாகச் சொல்லுங்கள். 392-இல் இரண்டாம் வாலண்டீனியன் என்ற இளம் ரோமப் பேரரசன் ஞானஸ்நானத்துக்கு ஆசைப்பட்டிருந்தும் பெறாமலே செத்தான். மிலான் நகரத்து அத்தியட்சர் அம்புரோஸ் அடக்க ஆராதனையில், அவன் கேட்டிருந்தான், கேட்டதைப் பெற்றான் என்ற பொருளில் அழுகிற சகோதரிகளைத் தேற்றினார். தேவனுடைய கை தண்ணீரால் கட்டப்பட்டதல்ல. நம் கைகளுக்கோ அவர் கட்டளை கொடுத்திருக்கிறார்.

இனி தாமதத்துக்கு வருவோம். நடபடிகளில் வரும் ஞானஸ்நானங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பெந்தெகொஸ்தேயில் ஏறக்குறைய 3,000 பேர், அன்றைக்கே. எத்தியோப்பிய மந்திரி, வழியில் தண்ணீரைக் கண்டதும். கொர்நேலியுவின் வீட்டார்மேல் பரிசுத்த ஆவியே இறங்கிவிட்டார். பேதுரு அதைக் காரணம் காட்டித் தண்ணீரைத் தள்ளிப்போடவில்லை, "தண்ணீரை விலக்கலாமா" என்று கேட்டு ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டான். ஆகையால் அபிஷேகம் பெற்ற அடையாளம் தெரியட்டும், அப்புறம் தண்ணீர் என்று காக்கவைப்பதும், அபிஷேகம் பெற்றுவிட்டார், இனித் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடுவதும் இரண்டும் வேதத்துக்குப் புறம்பு. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில் விசுவாசித்தான், அந்நேரத்திலேயே பவுலும் சீலாவும் பட்ட அடிகளின் காயங்களைக் கழுவினான், உடனே தன் வீட்டாரோடு தானும் கழுவப்பட்டான். அவனுடைய மனந்திரும்புதலுக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? சாயங்காலம் தொழுமரத்தில் அந்தக் கால்களை மாட்டியவன், நடுராத்திரியில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு குனிந்து இரத்தத்தைத் துடைக்கிறான்.

பிற்காலத்தில் சபை தள்ளிப்போட ஆரம்பித்ததும் ஒரு பயத்தினால்தான். ஞானஸ்நானத்துக்குப்பின் செய்த பாவத்துக்கு மன்னிப்பு கிடைக்குமோ என்ற பயம். பேரரசன் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப் படுக்கையில்தான் பெற்றுக்கொண்டான். நம் சபைகளில் அந்தப் பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. "குடியை முழுவதும் விட்டபிறகு வாங்கிக்கிறேன், வாங்கிட்டுக் குடிச்சா பாவம்" என்பது நாம் எல்லாரும் கேட்கிற பேச்சு. அவருக்குச் சொல்லவேண்டியது: குளித்துச் சுத்தமானபிறகு குளிக்க யாரும் போவதில்லை. குடியை விடத் தீர்மானித்து, உதவி கேட்டு, பாட்டிலைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். அதுதான் மனந்திரும்புதல். முழு விடுதலைக்கு மாதங்கள் ஆகலாம், அந்த மாதங்களில்தான் சபை அவருக்கு அதிகம் தேவை.

நகையும் தாலியும் பெயரும் தனியே பேசவேண்டியவை. நகை அணியாமலிருப்பது உங்கள் சபையின் வழக்கமாக இருக்கட்டும், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் அதை ஞானஸ்நானத்தின் வாசலில் நிபந்தனையாக நிறுத்த யாருக்கு அதிகாரம்? விசுவாசமும் மனந்திரும்புதலும்தான் வேதம் கேட்ட நிபந்தனைகள். இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் தனியாக இரட்சிக்கப்பட்டு வரும்போது, தாலியைக் கழற்றினால்தான் தண்ணீர் என்று சொன்னால், கணவன் உயிரோடிருக்கத் தாலி அறுத்தவள் என்ற பேச்சை அவள் தலையில் ஏற்றுகிறோம். 1 பேதுரு 3 அப்படிப்பட்ட மனைவியின் நடக்கையினாலே புருஷன் ஆதாயப்படுத்திக்கொள்ளப்படலாம் என்று சொல்லும்போது, நாம் அந்தக் கதவைச் சாத்துகிறோம். பெயரும் அப்படித்தான். அப்பொல்லோ என்ற பெயர் கிரேக்க தேவன் அப்பல்லோவிலிருந்து வந்தது. ரோமர் 16-இல் வாழ்த்தப்படுகிற ஒருவரின் பெயர் எர்மே, அதுவும் தேவன் பெயர். எப்பாப்பிரோதீத்து என்பதில் அப்ரொதீத்தே தேவி இருக்கிறாள். பவுல் ஒருவர் பெயரையும் மாற்றவில்லை. முருகன் முருகனாகவே தண்ணீரில் இறங்கி முருகனாகவே எழுந்திருக்கட்டும். அவரே விரும்பி மாற்றினால் அது வேறு.

அப்படியென்றால் கேட்டவுடன் முழுக்கிவிடலாமா என்பீர்கள். அதுவும் நம் கரையில் நடந்து பார்த்த காரியம். முத்துக்குளித்துறையில் 1535 முதல் 1537 வரை பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதன்பின் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வருஷங்கள் போயின. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கற்பனைகளையும் தமிழில் ஆக்கி, மனப்பாடமாகச் சொல்லவைப்பதே அவருடைய முதல் வேலையாயிற்று. மத்தேயு 28-இல் ஞானஸ்நானத்துக்கு முன்னே சீஷராக்குதல் இருக்கிறது, பின்னே உபதேசம் இருக்கிறது. நடுவிலுள்ளதை மட்டும் பிடுங்கி எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பெந்தெகொஸ்தேயில் கேட்டவர்கள் நியாயப்பிரமாணத்தில் வளர்ந்தவர்கள், ஒரே தேவன் யார் என்று தெரிந்தவர்கள். நம்மிடம் வருகிறவர் பல தெய்வங்களில் இயேசுவையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் சிறைச்சாலைக்காரனும் அந்நிய மார்க்கத்தானே. அவனுக்கும் கர்த்தருடைய வசனத்தைப் போதித்துவிட்டே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அந்தப் போதனை ஓர் இரவுக்குள் முடிந்தது. ஆகையால் போதனையை விடவும் வேண்டாம், வருஷக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்பது எங்கள் தீர்மானம். முதல் வாரம் ஒரே தேவன், சிருஷ்டிப்பு, பாவம், சிலைகளுக்கும் ஜாதகத்துக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் விடைகொடுத்தல். இரண்டாம் வாரம் 1 கொரிந்தியர் 15:3, 4: கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், அதற்கு மேல் எதையும் ஏற்றாதீர்கள். மூன்றாம் வாரம் மனந்திரும்புதலும் விசுவாசமும். யாரிடமாவது ஏமாற்றி வாங்கிய பணம் இருந்தால் திருப்பிக்கொடுக்கும் திட்டம் இந்த வாரத்தில் பேசப்படவேண்டும். நான்காம் வாரம் ஞானஸ்நானம், சபை, கர்த்தருடைய பந்தி, வரப்போகிற இழப்புகள். எழுத்தறியாதவருக்கு எல்லாமே வாய்மொழியாக இருக்கட்டும். தாளில் கேள்வி எழுதி மதிப்பெண் போடுவது வேண்டவே வேண்டாம்.

முடிவில் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள், பெண்களோடு பெண் ஊழியர் இருக்கட்டும். "இன்றிரவு நீங்கள் மரித்தால் தேவன் உங்களை எதற்காக ஏற்றுக்கொள்வார்?" என்று கேளுங்கள். "ஞானஸ்நானம் வாங்கப்போறேனே" என்றால் மூன்றாம் பாடத்துக்குத் திரும்புங்கள். "இனிமே தப்பே பண்ணமாட்டேன்" என்றாலும் அதே பாடம்தான். "எனக்காக இயேசு செத்தாரே" என்று திக்கித்திக்கிச் சொன்னாலும் போதும், தேதி குறியுங்கள். அந்தப் பதிலுக்குமேல் நாம் கேட்க ஒன்றுமில்லை. மாயவித்தைக்காரனான சீமோனைப் பிலிப்புவே முழுக்கினான், பின்புதான் அவன் உள்ளம் வெளிப்பட்டது. இருதயத்தை ஆராய்கிற கருவி அப்போஸ்தலர் காலத்திலேயே ஊழியர் கையில் இல்லை.

வேறு சபையில் விசுவாசித்து முழுக்கு பெற்றவர் உங்கள் சபையில் சேர வந்தால் மறுபடி முழுக்காதீர்கள். எபேசுவில் பவுல் மறுபடி கொடுத்தது யோவானின் ஸ்நானம் மட்டும் பெற்றிருந்தவர்களுக்கு.

கல்யாண ஞானஸ்நானத்தைப்பற்றி ஒரு சட்ட விவரம் பலருக்குத் தெரியவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும். இருவரும் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டமும் இருக்கிறது. அவிசுவாசியோடு பிணைக்கப்படாதீர்கள் என்ற உபதேசத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, விசுவாசியாத ஒருவரைத் தண்ணீரில் நனைத்து விசுவாசி என்று எழுதுவது அந்த உபதேசத்தையும் மீறுவது, ஞானஸ்நானத்தையும் அவமதிப்பது. அந்தக் கல்யாணத்தை உங்களால் நடத்த முடியாது என்றால் அப்படியே நேராகச் சொல்லிவிடுங்கள்.

இனி மிக வேதனையான விஷயம். பட்டியல் சாதியில் பிறந்தவர் ஞானஸ்நானம் பெற்றால் சான்றிதழ் என்னாகும் என்று வகுப்பில் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். அதனால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகும். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தில் நடந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பதை அரசியலமைப்பின் மேல் செய்யப்படும் மோசடி என்றது. ஞானஸ்நானம் பெற்றதும் அந்த வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இந்தச் சட்டம் அநியாயம் என்றே நாங்கள் நம்புகிறோம். கிறிஸ்துவிடம் வந்ததால் சேரியின் தீண்டாமை ஒருவரை விட்டுவிடவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் நிற்கிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. அதற்காகப் போராடுவது சபையின் கடமை. ஆனால் பதிவேட்டில் எழுதமாட்டோம், யாருக்கும் தெரியாது, இரகசியமாக முழுக்கிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுப்பது, புது ஜீவனின் முதல் நாளையே பொய்யில் தொடங்கிவைப்பது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப்பார்க்கவேண்டும் என்றார் கர்த்தர். கணக்கை முழுதாக அவர்முன் வையுங்கள். கல்லூரி இடத்துக்கோ வேலைக்கோ காத்திருக்கும் பிள்ளை இருந்தால், அதை ஈடுசெய்யச் சபை என்ன செய்யும் என்று அந்தக் கூட்டத்திலேயே தொகை சொல்லிப் பேசுங்கள். கல்விக் கட்டணத்துக்கு வழிசெய்யாத சபை "விசுவாசத்தில் நில்லுங்கள்" என்று பிரசங்கிப்பதை அவர் எப்படிக் கேட்பார்?

பதினெட்டு வயதுக்குக் குறைந்த, கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமில்லாமல் கொடுக்கவேண்டாம். பெரியவர்கள் விஷயத்திலும் புகைப்படம், வீடியோ எடுத்துப் பரப்புவதை அடியோடு நிறுத்துங்கள். தன் வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஞானஸ்நானம் பெற்றவர்தான் தீர்மானிக்கவேண்டும். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்து அவருடைய தகப்பன் தெரிந்துகொள்ளக்கூடாது.

தொட்டிக்கு வருவோம். உள்ளளவு 7 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீர் இடுப்பு மட்டத்துக்கு 3¼ அடி. இதற்குச் சுமார் 2,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதன் எடை 2.6 டன். மாடியில் கூடுகிற வீட்டுச் சபைகள் இதைக் கவனிக்கவேண்டும்: சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோ பாரம் இறங்குகிறது, சாதாரண வீட்டுத் தளமோ 200 கிலோ கணக்கில் கட்டப்படுவது. பெயர்த்து வைக்கும் தொட்டி தரைத்தளத்தில்தான் நிற்கவேண்டும். தண்ணீர்ப் பஞ்சமென்றால் இரண்டடி நீரில் உட்காரவைத்துப் பின்னால் சாய்த்து முழுக்கலாம், அதுவும் முழுக்குத்தான். முந்தின நாள் நிரப்பிய தண்ணீரானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஒரு மணி நேரம் முன்பாக ஊற்றுங்கள்.

கம்பியுள்ள மைக்கைத் தண்ணீரில் நிற்பவர் கையில் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், வேக்கோ நகரில் 2005 அக்டோபர் 30 அன்று ஞானஸ்நானத் தொட்டியில் நின்றபடி மைக்கைத் தொட்ட ஒரு போதகர் ஆராதனையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். வாட்டர் ஹீட்டர் ராடைப் போட்டுச் சூடாக்கினால், ஆள் இறங்குமுன் பிளக்கைப் பிடுங்கி ராடை வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

ஆறு என்றால் முந்தின நாளே ஒருவர் இறங்கிக் கோலால் ஆழம் பார்க்கவேண்டும். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் நீர் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாகிவிடும். மேலே அணையிருந்தால் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கல்குவாரிக் குட்டைக்குப் போகவே வேண்டாம், கரை செங்குத்தாக இறங்கும், கால் ஊன்ற இடமிருக்காது.

உடை அடர்நிறத்தில், கனத்த துணியில் இருக்கட்டும். வெள்ளை நனைந்தால் உடம்பு தெரியும், அந்தக் கூச்சத்தில் ஒரு சகோதரி அன்றைய சந்தோஷத்தையே இழந்துவிடுவாள். புடவை தண்ணீரில் மிதந்து மேலேறும், ஆகையால் சுடிதார் நல்லது. புடவைதான் என்றால் கொசுவத்தைப் பின்குத்தி, கீழே பேண்ட் போடச் சொல்லுங்கள். வேட்டி அவிழும். கரையில் துண்டோடு பெண்கள் இருவர் நிற்கட்டும். மாதவிலக்கு நாளானால் தயங்காமல் வேறு தேதி கேட்கலாம் என்று பெண் ஊழியர் முன்பே சொல்லிவைக்கவேண்டும், அது தீட்டு என்பதற்காக அல்ல, அவளுடைய வசதிக்காக. வலிப்பு, இருதய நோய், காதில் சவ்வு கிழிசல், கர்ப்பம் இவற்றையும் முன்பே கேட்டு, தேவையானால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கொடுப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும். ஒரு கை பெறுபவருடைய தோள்பட்டைகளுக்கு நடுவே, மற்றக் கை அவர் மார்பில் மடக்கிய கைகளின்மேல். பெறுபவர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். சனிக்கிழமையே தரையில் ஒருமுறை பழக்கிவிடுங்கள். முழங்காலை மடக்காமல் விறைப்பாகச் சாய்ந்தால் கால் முன்னால் வழுக்கிப்போகும், பாரம் முழுவதும் உங்கள் இடுப்பில் இறங்கும், அவர் பதறி உங்களைப் பிடித்து இழுப்பார். உட்காரப்போவதுபோல் முழங்காலை மடக்கச் சொன்னால் எடை தெரியாது. கனத்த உடம்பானால் மறுபக்கம் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். இன்னொன்று: "பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று முடிக்கும்போது பழக்கதோஷத்தில் அவரே "ஆமென்" என்று வாயைத் திறப்பார், அந்த வாயோடு தண்ணீருக்குள் போவார், இருமிக்கொண்டே எழுவார். ஆமென் சபையார் சொல்லட்டும். மூச்சை இழுத்துக்கொள்ள நீங்கள் ஒரு நொடி நிறுத்துங்கள். முகம் மூடியதும் தூக்கிவிடுங்கள், அழுத்திப் பிடிக்கவேண்டாம்.

படுக்கையிலிருக்கும் நோயாளி கேட்டால் என்ன செய்வது? ஆதிச்சபையின் டிடாக்கே என்ற போதனை நூல் ஓடும் தண்ணீரை முதலில் சொல்லி, அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்றுதரம் ஊற்று என்கிறது. முழுக்கையே உபதேசிக்கிற நாங்கள் இதைச் சொல்வது சிலருக்கு நெருடும். ஆனாலும் ஆக்சிஜன் குழாயோடு கிடப்பவரிடம் தொட்டிக்கு வந்தால்தான் என்று சொல்வது, தண்ணீரை விலக்குவதேதான்.

பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, இடம், கொடுத்தவர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கட்டும். யார் அவரைப் பார்த்துக்கொள்வார் என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள், பெரும்பாலான பதிவேடுகளில் அது இல்லை. அன்றைக்கே கர்த்தருடைய பந்தியில் அவருக்கு அப்பம் கொடுங்கள். அடுத்த பன்னிரண்டு வாரம் அந்தக் கட்டத்தில் பெயருள்ளவர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகட்டும். முதல் எதிர்ப்பு பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் வரும், முதல் சறுக்கலும் அப்போதுதான்.

எங்கள் வேண்டுகோள்: கன்வென்ஷனுக்குக் காத்திராமல் மாதத்தில் ஒரு ஞாயிறை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரே ஒருவர்தான் ஆயத்தமென்றால் அவருக்காகவும் தொட்டியை நிரப்புங்கள். எத்தியோப்பியன் தனி ஆள்தான், இரதம் நின்றது. காத்திருப்போரின் பெயர்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன. இந்த வாரம் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான்கு வாரப் பாடத்தின் முதல் நாளைச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஞானஸ்நான ஆயத்த வகுப்பு ஊழியர்கள்